சிட்டிபாபு போட்டுக் கொடுத்த பி சைடு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சிட்டிபாபு கடை எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். ரீசார்ஜ் போடலாம், போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டலாம், பென்டிரைவில் பாட்டு ஏற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் முன்பக்கம். பின்பக்கம் ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்கு அப்பால் நாலு கேசட் டெக்கும், ஓர் ஆம்ப்ளிஃபயரும், மகள் கல்யாணமாகி ஓசூர் போகிறபோது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பும் இருந்தன. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் யார் யாரோ சொல்லி வைத்து வாங்குகிற கேசட்டுகள் அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் பதிவாகின்றன என்று சொன்னால் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவர்களை விடுங்கள், சிட்டிபாபுவே ரொம்ப நாள் நம்பவில்லை.

கேசட் எல்லாம் இப்போது யாரப்பா கேட்கிறார்கள் என்றுதான் நீங்களும் கேட்பீர்கள். கேட்கிறார்கள். சினிமாப் பாட்டு இல்லை, பக்திப் பாட்டும் இல்லை. தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டு அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, மின்சாரக் கருவிகளைத் திருகித் திருகிச் சத்தம் உண்டாக்குகிற பிள்ளைகள். பெரிய கம்பெனிகள் இவர்களைச் சீந்தாது. அதனால் இவர்களைப் போன்றவர்களே சின்னச் சின்னதாக லேபிள் என்று பாட்டு வெளியிடுகிற கம்பெனி நடத்துகிறார்கள். மாதத்துக்கு ஒரு புது வெளியீடு, ஐம்பதோ அறுபதோ கேசட், விற்றுத் தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி போட மாட்டார்கள். அப்படி ஒரு லேபிளைச் சென்னை சைதாப்பேட்டையில் நடத்துகிறவள் திரிஷா. முப்பது வயதுகூட ஆகவில்லை, பகலில் ஏதோ விளம்பரக் கம்பெனியில் வேலை. லேபிளின் பெயர் 'கீழ்த்தளம்'. முதல்முறை கேசட் கட்டை எடுத்துக்கொண்டு போனபோது சிட்டிபாபு படியேறிப் படியேறி மூச்சு வாங்கிப்போனார்.

"கீழ்த்தளம்னு பேர வெச்சிக்கினு மொட்ட மாடில குடியிருக்கிறியேமா, இது உனுக்கே நாயமா?" என்று கேட்டார். திரிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்.

அதற்கும் முன்னால், அவள் அனுப்பிய முதல் ஃபைலைப் போட்டுக் கேட்டதும் சிட்டிபாபு பதறிப்போய் போன் பண்ணினார். அப்போது காது நன்றாகத்தான் இருந்தது.

"திரிஷாமா, உன் பைலு கெட்டுப்பூட்ச்சிமா. ஒரே கரகரப்பா வருது. வேற அனுப்பு."

"இல்லண்ணா, அதான் பாட்டு."

"எது, இந்தக் கரகரப்பா?"

"ஆமாண்ணா."

"நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரலியே?"

"அதுவும் பாட்டுதாண்ணா."

சிட்டிபாபு போனை வைத்துவிட்டுப் பதிவை ஓட்டினார். அதற்கப்புறம் ஃபைல் சரியா தப்பா என்று அவர் கேட்டதே இல்லை. எது வந்தாலும் போட்டுக் கொடுத்தார். பாண்டிச்சேரிப் பெண் ஒருத்தி ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தையே இழுத்து இழுத்து ஒரு பக்கம் முழுக்க ஓட்டியிருந்தாள், போட்டார். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் அடிமேல் அடியாக, நெஞ்சுக்கூட்டில் குத்துகிற மாதிரி ஒரு தாளத்தை அனுப்பியிருந்தான், அதையும் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தாளம் அவருக்குப் பிடித்திருந்தது. கூழ் ஊத்துகிற திருவிழாவில் போட்டால் சனம் சாமியாடும் என்று திரிஷாவிடம் சொன்னார்.

கேசட் போடுவதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கேசட்டையும் முழுசாகக் கேட்பார். ஒன்றைக் கேட்டுவிட்டு மீதியெல்லாம் அதே மாதிரிதானே இருக்கும் என்று கட்டிக் கொடுக்கிற ஆள் இல்லை. திரிஷா இதைப் பார்த்துவிட்டு, கேசட் அட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் 'பதிவு: சிட்டிபாபு, காஞ்சிபுரம்' என்று அச்சடிக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு வரிக்காக அவர் அந்த அட்டையை எத்தனை பேரிடம் காட்டியிருப்பார்! மாகறலில் அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெயர் எங்கேயாவது அச்சில் வந்திருக்கிறதா? ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கேயும் இல்லை.

காது எப்படிப் போனது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதிலேயே நடவுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மைக் செட் வைத்திருந்த தேவசகாயத்திடம் போய்ச் சேர்ந்தார் சிட்டிபாபு. கல்யாணம், காதுகுத்து, சாவு, தேர்தல், ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில். பனைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர் வேலை. கட்டியவன்தான் ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்க்க வேண்டும். கீழே இருந்து தேவசகாயம் பட்டனைத் தட்டுவார், மேலே இவர் மண்டைக்குள் இடி இறங்கும். பத்துப் பதினைந்து வருஷம் இதே பிழைப்பு. அப்போதே வலது காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் குடிவந்துவிட்டது. அதையெல்லாம் யார் கண்டுகொண்டார்கள்? மைக் செட்காரன் எல்லாருக்கும் அது இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தார். தெரு என்னவோ ஓய்ந்து கிடக்கிற மாதிரி இருந்தது. எதிர் வீட்டு நெசவுக்காரர் லோகேஸ்வரன் வாசலில் வந்து நின்று வெற்றிலை துப்பினார்.

"இன்னாபா, இன்னிக்கு ஒருத்தரும் தறி ஓட்டலியா?" என்று கேட்டார் சிட்டிபாபு.

லோகேஸ்வரன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னதால்தான் புரிந்தது. "காலைலேர்ந்து ஓடிக்கினுதானப்பா இருக்குது. தூங்கி எழுந்துக்கலியா நீ?"

சிட்டிபாபு சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனார். டெக்கில் ஒரு கேசட்டைப் போட்டார், சத்தத்தை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். ஸ்பீக்கர் மேல் கை வைத்துப் பார்த்தார். கை அதிர்ந்தது. காதில் ஏதோ தூரத்துத் திருவிழா மாதிரி கொஞ்சமாக வந்தது. ஒரு டாக்டரிடம் போனார். நரம்பு செத்துவிட்டது, மெஷின் மாட்டிக்கொண்டால் பேச்சு கொஞ்சம் கேட்கும், பாட்டெல்லாம் பழைய மாதிரி கேட்காது, போகப் போக மீதியும் குறையும் என்று அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். சிட்டிபாபு அந்தக் காகிதத்தை மடித்துப் பேருந்து நிலையத்துக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித் தன்னையே கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வருத்தப்படாததுதான் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. யாருக்கும் தெரியக் கூடாது. காதில் மெஷின் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் எவள் கேசட் கொடுப்பாள்? ரீசார்ஜ் கடை எவன் வேண்டுமானாலும் வைக்கலாம். 'பதிவு: சிட்டிபாபு' என்ற வரி போய்விட்டால் அப்புறம் சிட்டிபாபு என்று ஒரு ஆள் எதற்கு? இப்படித்தான் அவர் நினைத்தார். தப்போ சரியோ, அப்படித்தான் நினைத்தார்.

மறைப்பது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. ரீசார்ஜுக்கு வருகிறவர்களிடம் போனை நீட்டினால் நம்பரை அவர்களே அடித்துக்கொள்கிறார்கள். எதிரே நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துவிடுவார், மீதிக்கு "ஆமாமா" என்பார். போன் வந்தால் எடுக்க மாட்டார். "கடைல கூட்டம், எழுதி அனுப்புமா" என்று திரிஷாவுக்கு வாட்ஸப்பில் அடிப்பார். அவள் சோம்பேறித்தனப்பட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டால் மட்டும் பாடு திண்டாட்டம். "டவர் இல்ல, ஓப்பன் ஆவல" என்று திருப்பி அடிப்பார். கேசட்டைக் கேட்பதற்குப் பதிலாக டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள்ளைப் பார்க்கப் பழகிக்கொண்டார். முள் ஆடினால் சத்தம் இருக்கிறது, சிவப்புக்குப் போனால் அதிகம். ஒவ்வொரு கேசட்டையும் முழுசாகப் பார்த்தார். அவர் வேலையில் ஏய்ப்பு இல்லை.

வீட்டில்தான் சிக்கல். கடைக்குப் பின்னாலேயே வீடு. பொன்னியம்மாள் அவருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, வாய் ஓயாத மனுஷி. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு கடைக்குக் கேட்கிற மாதிரி பேசுவாள். உலை வைத்தேன் என்பாள், தண்ணி லாரி வந்தது என்பாள், தங்கச்சி போன் பண்ணாள் என்பாள். எல்லாவற்றுக்கும் இங்கிருந்து ஒரு "ம்" போனால் போதும். அந்த "ம்" நின்றுபோனது. முதலில் கத்திப் பார்த்தாள். அப்புறம் ஒருநாள், திருமுக்கூடலில் அண்ணன் மகளுக்கு மஞ்சள் தண்ணி, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். சிட்டிபாபு உள்ளே வந்து பார்த்தால் வீடு காலி. பொழுது சாய்கிற வரைக்கும் தெருத்தெருவாகத் தேடினார். அவள் வந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாம கொள்ளாம எங்கடி போன?"

"யோவ், முதுகாண்ட நின்னு ரெண்டு தாட்டி சொல்லிட்டுத்தானய்யா போனேன். காதுல இன்னா பஞ்சா அடைச்சிக்கினு இருந்த?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சிட்டிபாபு சொல்லவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். செவிடன் என்று பேர் வாங்குவதைவிடக் கோபக்காரன் என்று பேர் வாங்குவது அவருக்கு மேலாகத் தோன்றியது. பாருங்கள் அந்த மனுஷனின் புத்தியை! பொன்னியம்மாள் ஒரு மாதம் பொறுத்தாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டாள், அழுதாள், மகளிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளும் வாயை மூடிக்கொண்டாள். தட்டை வைப்பாள், எடுப்பாள். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். சிட்டிபாபுவுக்கு அதுவும் பழகிவிட்டது. சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட நாக்கு சொல்வதை விட்டுவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஆதீஷின் கேசட் வந்தது.

ஆதீஷ் பக்கத்துக் கிராமத்து நயினார் வீட்டுப் பையன். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற ஜைனக் குடும்பம், இவன் மட்டும் ஒரகடத்தில் வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரில் இசை பண்ணுகிறவன். முதல் வெளியீடு. திரிஷா வாட்ஸப்பில் நீளமாக எழுதியிருந்தாள்: 'ஏ சைடு நல்லா அடி இருக்கும்ணா. பி சைடு ரொம்ப ரொம்ப மெதுவா இருக்கும். அவங்க வீட்ல பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டு முடிச்சிடுவாங்க. பாத்திரம் கழுவி கவுத்து வெச்சப்புறம் அந்த வீட்ல இருக்கற சத்தத்த ரெக்கார்ட் பண்ணி, அதுமேல லேசா சின்த் வாசிச்சி வெச்சிருக்கான். லெவல் ஏத்திடாதீங்க, அப்டியே விடுங்க.' சிட்டிபாபு 'சரிமா' என்று அடித்தார்.

ஏ சைடு போட்டார். முள் ஆடு ஆடு என்று ஆடியது. நாலு டெக்கிலும் மாற்றி மாற்றி முழுக் கட்டையும் முடித்தார். பி சைடைத் தொடங்குவதற்கு முன்னால் லேப்டாப்பின் மேல் படிந்திருந்த தூசியைத் துணியால் ஒரு துடை துடைத்தார். அந்தத் துடைப்பில் மியூட் பட்டன் அமுங்கியது. ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் ஆயிரம் விளக்கு எரியும், யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்? பதிவை ஓட்டினார். முள் படுத்த இடத்தில் படுத்துக் கிடந்தது.

சிட்டிபாபு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மெதுவாக இருக்கும் என்று அந்தப் பெண்தான் சொல்லியிருக்கிறதே என்று நினைத்தார். சந்தேகம் வராமல் இல்லை, வந்தது. காது இருந்த காலமாக இருந்தால் ஸ்பீக்கரில் காதை வைத்து ஒரு நொடியில் தெரிந்துகொண்டிருப்பார். பொன்னியைக் கூப்பிட்டு, இதில் ஏதாவது கேட்கிறதா பார் என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? லோகேஸ்வரனைக் கூப்பிடலாம், அவர் ஏன் என்று கேட்பார். திரிஷாவைக் கேட்டால், உங்களுக்குக் கேட்கவில்லையா அண்ணா என்பாள். ஃபைல் சரியா தப்பா என்று கேட்டு ஒருமுறை பட்டது போதும் என்று மனசு சமாதானம் சொன்னது. இவர்கள் பாட்டில் ஒன்றுமே வராததும் பாட்டுதான். கட்டு முழுக்கப் போட்டு முடித்தார். ஒவ்வொரு கேசட்டின் பி சைடையும், ஆடாத முள்ளையே பார்த்துக்கொண்டு, கடைசி வரைக்கும் இருந்து முடித்தார். பெட்டியில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்பினார்.

கேசட் வெளியான வெள்ளிக்கிழமையே பாதிக்கு மேல் போய்விட்டது. சென்னையிலேயே நேரில் வந்து வாங்கிக்கொண்ட ஒருத்தர் இணையத்தில் பாராட்டி எழுதியிருந்ததைத் திரிஷா தமிழில் மாற்றி அனுப்பினாள். 'பி சைடில் கலைஞர் நமக்கு ஒன்றுமே தருவதில்லை. அந்தத் துணிச்சல் அபாரம்.' சிட்டிபாபு அதை இரண்டு மூன்று தடவை படித்தார். அப்பாடா என்றிருந்தது. நல்லவேளை யாரிடமும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் திரிஷாவிடமிருந்து போன் மேல் போன். எடுக்கவில்லை. அப்புறம் எழுதினாள். ஆதீஷுக்குப் போன கேசட்டில் பி சைடு காலி. அவனுடைய வீட்டார் எல்லாரும், சாயங்காலச் சாப்பாடு முடிந்து, கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். பையன் இத்தனை நாள் என்னதான் பண்ணுகிறான் என்று முதல்முறையாகக் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஏ சைடின் அடியைப் பொறுத்துக்கொண்டார்களாம். பி சைடு நம் வீடுதான் அப்பா என்று சொல்லிவிட்டுத் திருப்பிப் போட்டிருக்கிறான். ஒன்றும் வரவில்லை. அவன் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டாராம். எல்லாக் கேசட்டும் இப்படியா என்று பார்த்தால் எல்லாமே இப்படி. 'எப்டிண்ணா நீங்க விட்டீங்க? ஒவ்வொண்ணும் கேப்பீங்களே' என்று முடித்திருந்தாள்.

சிட்டிபாபு அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். மார்பில் ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தார். அதுவும் இல்லை. வாசலில் ஒரு அம்மா ரீசார்ஜுக்கு நின்றாள், போட்டுக் கொடுத்தார். பிறகு 'மிஷின்ல கோளாறு போல இருக்குது' என்று அடித்து அனுப்பினார். 'நாளைக்கு வரேண்ணா, சேர்ந்து பாத்துடலாம்' என்று பதில் வந்தது.

சொன்ன மாதிரியே பகல் பன்னிரண்டு மணி வாக்கில் திரிஷா வந்து இறங்கினாள். கோபத்தோடு வருவாள் என்று நினைத்திருந்தார். அவள் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. வந்ததும் லேப்டாப்பைப் பார்த்தாள், சிவப்பு விளக்கைப் பார்த்தாள், அமுக்கினாள். விளக்கு அணைந்தது. சிட்டிபாபுவின் பக்கம் திரும்பி, அவருக்கு உதடு பிடிபடுகிற மாதிரி தெளிவாகச் சொன்னாள்.

"மியூட்ல இருந்திருக்குண்ணா."

"அய்யய்யோ! தொடச்சப்போ பட்டுச்சி போல."

"பரவால்ல விடுங்க. ஆனா போட்டப்புறம் கேட்டீங்கல்ல?"

"கேட்டேனே. மெல்லிசா இருக்கும்னு நீதானமா சொன்ன. அப்டித்தான்னு நெனச்சிக்கினேன்."

ஒரே ஒரு கேசட்டில் பி சைடைப் போட்டுப் பார்க்கலாம் என்று சைகையோடு சொன்னாள். டெக்கின் பின்பக்கத்தில் வயர் எல்லாம் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்க மேஜையை இழுத்தாள், எட்டிப் பார்த்தாள், மறுபடி தள்ளினாள். பதிவு ஓடியது. இந்த முறை முள் லேசாக, மூச்சு விடுகிற மாதிரி ஆடியது. சிட்டிபாபு அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும் திரிஷா கேசட்டைப் பின்னால் ஓட்டி, பிளே பட்டனை அமுக்கிவிட்டு ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

கொஞ்ச நேரம் போனது. அவள் நிமிர்ந்தாள்.

"கேக்குதாண்ணா?"

சிட்டிபாபு முள்ளைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்தது.

"கேக்குதேமா. நல்லா கேக்குது."

திரிஷா அவரையே பார்த்தாள். "இன்னாண்ணா கேக்குது?"

"அதான், பாத்திரம் கவுக்கற சத்தம். அப்பறம் வீடு அமந்துபோன மாரி. அதுமேல லேசா அந்தப் பையன் வாசிக்கறான்." கண்ணைப் பாதி மூடித் தலையை ஆட்டினார். முள் ஆடுகிற கணக்குக்கு விரலால் தொடையில் தாளம்கூடப் போட்டார். "நல்லா கீதுமா. இதப்போயி காலியா அனுப்பிட்டனே பாவி."

திரிஷா பட்டனை அமுக்கி நிறுத்தினாள். அவள் கண் என்னவோ போல் இருந்தது, தூசியாக இருக்கும் என்று அவர் நினைத்தார். கேசட்டை எடுத்தாள், ஆதீஷின் பாட்டு இருந்த பென்டிரைவை லேப்டாப்பிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மீதியை இங்கேயே மறுபடி போடுகிறேனே என்று அவர் கேட்டதற்கு, "நான் பாத்துக்கறேண்ணா" என்று சொன்னாள். போகும்போது அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள். சிட்டிபாபுவுக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

மேஜை சுவரோடு ஒட்டாமல் கோணலாக நின்றது. அதைச் சரியாகத் தள்ளுவதற்குக் குனிந்தார். தரையில் ஒரு வயர் கிடந்தது. நுனியில் செம்புக் கம்பி பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. எதன் வயர் என்று கையால் பிடித்துக்கொண்டே போனார். ஸ்பீக்கருடையது. மேஜையை இழுத்தபோது ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியென்றால் இவ்வளவு நேரம் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் கேட்டிருக்கிறாள். வராத சத்தத்துக்குத்தான் இவர் தலையை ஆட்டித் தாளம் போட்டிருக்கிறார்.

வயரைக் கையில் பிடித்தபடி சிட்டிபாபு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. இரண்டு வருஷமாகக் கல்லாகக் கிடந்த நெஞ்சில் அவமானம் கொதிக்கக் கொதிக்க இறங்கியது. எழுந்து, கடையை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

திரிஷா தெருமுனையில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"திரிஷாமா! எனுக்குக் காது கேக்கலமா!"

தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. லோகேஸ்வரன் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. திரிஷா கையை நீட்டிக்கொண்டு அவர் பக்கம் வந்தாள், வேகவேகமாக ஏதோ சொன்னாள். அவளும் அழுகிற மாதிரி இருந்ததால் உதடு பிடிபடவில்லை.

"எழுதிக் காட்டுமா," என்றார் சிட்டிபாபு.

அவள் போனில் அடித்து நீட்டினாள். 'எவ்ளோ நாளாண்ணா?'

"ரெண்டு வருசமாச்சி. முள்ளப் பாத்துதான் எல்லாத்தயும் ஒப்பேத்திக்கினு இருந்தேன். யாராண்டயும் சொல்லல. பொன்னியாண்டகூட சொல்லலமா. அவ பேசறது எதுவுமே எனுக்குக் கேக்கல. நான் கோவமா இருக்கறேன்னு நெனச்சிக்கினு அவ பேசறதயே வுட்டுட்டா."

திரிஷா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டிபாபு திரும்பினார். அவர் போட்ட சத்தம் கேட்டு, கழுவுகிற பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு பொன்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

நேராக வந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். சட்டையெல்லாம் நுரை. அப்புறம் அதே சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். வாய் கோணிக்கொண்டது, கண்ணும் மூக்கும் ஒழுகியது, அவள் நிறுத்தவில்லை. தெரு ஜனம் சுற்றி நின்று கேட்டது. திரிஷா அங்கிருந்த புடவைக்கடை வாசல் பக்கம் ஒதுங்கி நின்றாள். இரண்டு வருஷமாக அடக்கி வைத்ததையெல்லாம் பொன்னியம்மாள் அந்தத் தெருமுனையிலேயே நின்று பேசித் தீர்த்தாள். சிட்டிபாபு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்கவில்லை.